மலேரியாவும் மருந்தெதிர்ப்பின் பயணமும் – ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டுக்களையும் ஏட்டுச்சுவடிகளையும் அரசாங்க அறிக்கைகளையுமே பெரும்பாலும் சான்றாகக் கொள்வர். நோய்களின் வரலாற்றை ஆராய்வோருக்கு இவை மட்டும் போதுவதில்லை. மன்னரும் ஆளுநரும் எழுதிவைக்காத பல செய்திகளை நோய்க்கிருமிகள் தம்முள்ளே பொறித்து வைத்துள்ளன. காய்ச்சலுற்ற ஒருவரின் விரல் நுனியிலிருந்து பெறப்படும் ஒரு துளிக் குருதியும் இன்று வரலாற்று ஆவணமாகக் கொள்ளப்படும் நிலை தோன்றியுள்ளது. மலேரியா ஒட்டுண்ணி மருந்துகளை வென்ற வரலாறும், அவ்வெற்றி நாடு விட்டு நாடு சென்ற வரலாறும் இத்தகைய ஆவணங்களிலிருந்தே வெளிப்பட்டன.

1963 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் மலேரியா நோயாளர் எனப் பதிவானோர் 17 பேர் மட்டுமே. அவர்களுள் 11 பேர் பிறநாடுகளில் தொற்றுக்கு ஆளாகி இங்கு வந்தோராவர். 1934–35 ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறிகொடுத்த நாடு, முப்பது ஆண்டுகளுக்குள் இந்நிலையை எய்தியமை உலகோரை வியக்க வைத்தது. ஆயின் அவ்வியப்பு நீடிக்கவில்லை. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. வீடுகளுக்கு டி.டி.ரி. தெளிப்பதை நிறுத்தியமையும் கண்காணிப்புத் தளர்ந்தமையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அந்தப் பதினேழு பேரையும் பற்றிய குறிப்பில் ஒரு செய்தி மறைந்து கிடக்கின்றது. நோய் ஏறக்குறைய ஒழிந்துவிட்ட நாட்டில் எஞ்சி நிற்பது பயணிகள் கொண்டுவரும் நோயே என்பதுதான் அது. இவ்வாறு வெளிநாட்டில் தொற்றி, நாட்டினுள் வந்தபின் கண்டறியப்படுவதை ‘இறக்குமதியான மலேரியா’ என மருத்துவத் துறையினர் வழங்குவர்.

மருந்துகளின் கதையைச் சுருக்கமாகக் கூறலாம். தென்னமெரிக்காவின் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கொயினாவை 1820 இல் பிரெஞ்சு விஞ்ஞானிகளான பெலத்தியேயும் கவந்துவும் பிரித்தெடுத்தனர். ஐரோப்பியப் பேரரசுகள் இம்மரத்தைத் தம் குடியேற்ற நாடுகளில் நட்டு வளர்த்தன. இலங்கையில் ஹக்கல தாவரவியற் பூங்கா 1861 இல் நிறுவப்பட்டதும் சிங்கோனாப் பயிருக்காகவே. பின்னர் ஒல்லாந்தரின் சாவகத் தோட்டங்களே உலகின் கொயினாத் தேவையில் பெரும்பகுதியை நிறைவு செய்தன. 1942 இல் யப்பானியர் சாவகத்தைக் கைப்பற்றியபோது நேசநாடுகளின் படைகள் கொயினாவின்றித் தத்தளித்தன. செயற்கை மருந்துகளைத் தேடும் முயற்சி இதனால் தீவிரமடைந்தது. 1934 இல் செர்மனியில் அந்தர்சாக் என்பார் தொகுத்து, நச்சுத்தன்மை மிக்கதெனத் தவறாக ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த ஒரு சேர்வை, போரின் பின் குளோரோகுவின் என்னும் பெயருடன் அரங்கேறிற்று. விலை மலிவு, பக்கவிளைவு குறைவு, மூன்று நாள்களில் குணம் என்னும் மூன்றும் ஒருங்கமைந்த மருந்து அதற்குமுன் இருந்ததில்லை.

1955 இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியாவை உலகிலிருந்தே ஒழிக்கும் திட்டத்தை வகுத்தது. அதன் இரு கரங்களாக டி.டி.ரி.யும் குளோரோகுவினும் அமைந்தன. அக்காலத்து நம்பிக்கையின் அளவை அறிய ஒரு செய்தி போதும். பிரேசில் நாட்டவரான பினொற்றி என்பார் சமையல் உப்பில் மருந்தைக் கலந்து மக்களுக்கு வழங்கும் முறையை வகுத்தார். நோயுற்றோரும் நோயற்றோரும் நாள்தோறும் உணவுடன் சிறிதளவு மருந்தை உண்டனர். மருத்துவரும் மருந்துச்சாலையும் இல்லாத காட்டுப் பிரதேசங்களுக்கு இம்முறை மிகப் பொருத்தமானதாகத் தோன்றிற்று. ஒட்டுண்ணியைக் கொல்லப் போதாத அளவில் மருந்து எந்நேரமும் குருதியில் இருக்குமாயின், அதனைத் தாங்கவல்ல ஒட்டுண்ணிகளே பிழைத்துப் பெருகும் என்பதை அன்று எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

கம்போடியாவின் மேற்கெல்லையில், தாய்லாந்தை ஒட்டி அமைந்துள்ளது பைலின். மாணிக்கமும் நீலமும் விளையும் மண் அது. கல் அகழ்வதற்கெனப் பர்மாவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கூட்டங் கூட்டமாக மக்கள் அங்கு வந்து சேர்ந்தனர். மலேரியாவுக்குப் பழக்கப்படாத உடல்கள், நுளம்பு பெருகும் காடு, நிலையற்ற வாழ்வு, கையிற் கிடைத்த மருந்தைக் கிடைத்த அளவில் விழுங்கும் வழக்கம் ஆகிய யாவும் அங்கு ஒன்றுகூடின. 1957 ஆம் ஆண்டளவில் இவ்வெல்லைப் பிரதேசத்திலேயே குளோரோகுவினுக்கு அடங்காத பல்சிப்பாரம் மலேரியா முதன்முதலாகக் கவனத்துக்கு வந்தது. 1960 களின் தொடக்கத்தில் மருந்து கலந்த உப்பும் பைலினில் வழங்கப்பட்டது. எதிர்ப்பு வேரூன்ற அது துணைபுரிந்ததெனக் கருதுவர். ஏறத்தாழ இதே காலத்தில் தென்னமெரிக்காவின் கொலம்பியாவிலும் இத்தகைய நோய் காணப்பட்டது. வியட்நாம் போரில் ஈடுபட்ட அமெரிக்கப் படையினரிடையே குளோரோகுவின் பயனற்றுப் போனபின்னரே இச்செய்தி உலகின் காதுகளுக்கு எட்டிற்று. கல் அகழ்வோர் பல்லாண்டு பட்ட துன்பம் எழுப்பாத கவலையைப் படைவீரரின் காய்ச்சல் எழுப்பியது!

எதிர்ப்புடைய ஒட்டுண்ணி ஆபிரிக்காவை அடைந்தமை இவ்வரலாற்றின் மிகத் துயரமான பகுதியாகும். மலேரியாவால் உலகில் இறப்போருள் மிகப் பெரும்பாலோர் அக்கண்டத்தின் குழந்தைகளே. அங்கு குளோரோகுவின் எதிர்ப்பை முதலிற் காட்டிக்கொடுத்தோர் ஆபிரிக்கர் அல்லர். 1978, 1979 ஆம் ஆண்டுகளில் கென்யாவுக்கும் தன்சானியாவுக்கும் சென்று நாடு திரும்பிய ஐரோப்பிய, அமெரிக்கப் பயணிகளிடமே அது கண்டறியப்பட்டது. இதற்குக் காரணம் உண்டு. இளமை முதல் மீண்டும் மீண்டும் காய்ச்சலுக்கு ஆளாகி வளர்ந்த ஆபிரிக்க முதியோரின் உடல் ஓரளவு நோயெதிர்ப்புச் சக்தியைப் பெற்றிருந்தது. மருந்து பாதி வேலையைச் செய்தாலும் உடல் மீதியைச் செய்து முடித்துவிடும். மருந்து தோற்றது வெளியே தெரியாது. பயணியின் உடலுக்கு அத்தகைய துணை இல்லை. மருந்து தோற்ற உடனே காய்ச்சல் மீளும். நோய் நிலவும் நாட்டில் ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கக்கூடிய ஓர் உண்மை, நோயற்ற நாட்டு வைத்தியசாலையில் ஒரே நோயாளியிடம் சில நாள்களுக்குள் வெளிப்படுவது இதனாலேயே.

இதே நிகழ்ச்சி பிறிதோரிடத்தும் நிகழ்ந்தது. வைவாக்ஸ் வகை மலேரியா குளோரோகுவினுக்கு எக்காலமும் அடங்கும் என எண்ணப்பட்டிருந்தது. 1989 இல் பாப்புவா நியூகினியிலிருந்து அவுஸ்திரேலியா திரும்பியோரிடம் அவ்வெண்ணம் பொய்த்தது. இறக்குமதியான நோயாளி நாட்டுக்குத் தீங்கு கொண்டுவருபவர் என்றே பொதுவாக நோக்கப்படுகின்றார். வரலாற்றை நோக்குமிடத்து, வேறு எவரும் சொல்லாத செய்தியை முதலிற் கொண்டுவந்தவரும் அவரே என்பது புலனாகின்றது.

எனினும், ஆபிரிக்காவில் தோன்றிய எதிர்ப்பு ஆசியாவிலிருந்து வந்ததா, அன்றி அங்கேயே பிறந்ததா என்னும் வினாவுக்கு விடை கிடைக்க மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. 2000 ஆம் ஆண்டில் பிடொக், வெல்லெம்ஸ் முதலியோர் ஒட்டுண்ணியின் ஏழாவது நிறமூர்த்தத்தில் குளோரோகுவின் எதிர்ப்புக்குப் பொறுப்பான பரம்பரையலகைக் கண்டறிந்தனர். பி.எஃப்.சி.ஆர்.ரி. என்பது அதன் பெயர். அதன் தொழில் இன்று தெளிவாகத் தெரியும். ஒட்டுண்ணி செங்குழியத்தினுள் புகுந்து ஈமோகுளோபினைச் செரித்து வாழ்வது. அச்செரிப்பில் எஞ்சும் ஈம் என்னும் பொருள் நச்சுத்தன்மையுடையது. ஒட்டுண்ணி அதனைத் தீங்கற்ற பளிங்காக மாற்றித் தன் உணவுப்பையில் வைத்துக்கொள்ளும். குளோரோகுவின் அப்பையினுள் சென்று குவிந்து, பளிங்காகும் செயலைத் தடுக்கின்றது. ஒட்டுண்ணி தன் உணவின் நஞ்சாலேயே மடிகின்றது. பி.எஃப்.சி.ஆர்.ரி. பரம்பரையலகு ஆக்கும் புரதம் அப்பையின் சுவரில் அமைந்த ஒரு வாயில் போன்றது. அப்புரதத்தின் 76 ஆம் இடத்தில் லைசின் என்னும் அமினோவமிலத்துக்குப் பதிலாகத் திரியோனின் அமைந்துவிட்டால், அவ்வாயில் வழியே குளோரோகுவின் வெளியேற்றப்படுகின்றது. ஓரிடத்தில் நிகழும் இச்சிறு விகாரமே எதிர்ப்பின் அடையாளக் குறியாகக் கொள்ளப்படுகின்றது.

வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியது அடுத்து வரும் செய்தியாகும். 72 முதல் 76 வரையுள்ள ஐந்து இடங்களிலும் அமைந்த அமினோவமிலங்களை ஐந்தெழுத்துச் சொல்லாக எழுதுவது ஆய்வாளர் வழக்கம். மருந்துக்கு அடங்கும் ஒட்டுண்ணியின் சொல் சி.வி.எம்.என்.கே. என்பது. தென்கிழக்காசியாவின் எதிர்ப்புடைய ஒட்டுண்ணியில் அது சி.வி.ஐ.ஈ.ரி. என மாறியிருந்தது. தென்னமெரிக்காவின் பெரும்பகுதியில் எஸ்.வி.எம்.என்.ரி. எனக் காணப்பட்டது. ஆபிரிக்க ஒட்டுண்ணிகளைச் சோதித்தபோது அங்கு பரவலாகக் கிடைத்த சொல் சி.வி.ஐ.ஈ.ரி. ஆகும். அப்பரம்பரையலகின் இருமருங்கும் உள்ள பகுதிகளை 2002 இல் ஒப்புநோக்கிய ஆய்வும், ஆபிரிக்காவின் எதிர்ப்பு ஆசியாவிலிருந்து சென்றதே என உறுதிசெய்தது. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர், இரு படிகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் நிற்பின் ஒன்றிலிருந்து மற்றையது பெயர்த்தெழுதப்பட்டதென முடிவு செய்வதைப் போன்றது இது. பைரிமெத்தமின் மருந்துக்கான எதிர்ப்பும் இவ்வாறே ஆசியாவிலிருந்து ஆபிரிக்கா சென்றதை 2004 இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. டி.எச்.எஃப்.ஆர். என்னும் பரம்பரையலகில் 51, 59, 108 ஆம் இடங்களில் நிகழ்ந்த மூன்று விகாரங்கள் அதன் குறிகளாகும்.

எந்தப் பயணி, எக்கப்பலில் அல்லது எவ்விமானத்தில் அதனைக் கொண்டு சென்றார் என்பதை எந்தப் பரம்பரையலகும் கூறாது. அதனை அறியவேண்டிய தேவையும் இல்லை. எதிர்ப்பை உருவாக்கியவர் பயணியல்லர். அளவின்றியும் முறையின்றியும் வழங்கப்பட்ட மருந்து அதனை உருவாக்கிற்று. சென்ற இடத்திலும் அதே மருந்தே ஓயாது வழங்கப்பட்டமையாலேயே அது அங்கு நிலைபெற்றது. மருந்து நிறுத்தப்படின் விளைவு என்னவாகும் என்பதற்கு மலாவி நாட்டின் அனுபவம் சான்று பகர்கின்றது. 1993 இல் அந்நாடு குளோரோகுவினைக் கைவிட்டு வேறு மருந்துக்கு மாறியது. ஆபிரிக்க நாடுகளுள் முதலில் அவ்வாறு செய்தது அதுவே. 1992 இல் அங்கு நூற்றுக்கு 85 தொற்றுக்களில் காணப்பட்ட 76 ஆம் இட விகாரம் 2000 ஆம் ஆண்டில் 13 ஆகக் குறைந்தது. 2006 இல் வெளியான ஆய்வில், குளோரோகுவின் பெற்ற குழந்தைகளுள் ஏறத்தாழ அனைவரும் குணமடைந்தனர். விகாரமுற்ற ஒட்டுண்ணி மருந்து இருக்கும்போதே மேலோங்குகின்றது. மருந்து அகன்றபின் பழைய வகையுடன் போட்டியிட்டு நிற்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. இதனால் உலகெங்கும் குளோரோகுவினை மீளக் கொண்டுவரலாம் என்று முடிவு செய்வது அவசரமாகும். எல்லா நாடுகளிலும் விகாரம் இவ்வளவு விரைவில் மறையவில்லை.

குளோரோகுவினின் வீழ்ச்சிக்குப்பின் உலகைக் காத்தது ஆட்டிமிசினின். இதன் பிறப்பும் வியட்நாம் போருடன் தொடர்புடையதே. வட வியட்நாமின் படையினருக்கு உதவும் நோக்குடன் சீன அரசு 1967 மே 23 இல் தொடங்கிய இரகசியத் திட்டம், அந்நாளின் பெயராலேயே ‘திட்டம் 523’ என வழங்கிற்று. அதில் பணிபுரிந்த து யூயூ என்னும் பெண்மணி, நான்காம் நூற்றாண்டுச் சீன மருத்துவ நூலொன்றின் குறிப்பைத் துணைக்கொண்டு ஒரு மூலிகையிலிருந்து இம்மருந்தைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டார். 2015 இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. தனியே வழங்கினால் இம்மருந்தும் தோற்கும் என்பதை உணர்ந்து, வேறொரு மருந்துடன் சேர்த்தே வழங்கவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2001 இல் விதந்துரைத்தது. ஆயினும் கம்போடியாவின் கடைகளில் தனி மருந்தும் போலி மருந்தும் ஏற்கெனவே தாராளமாகக் கிடைத்தன.

ஆட்டிமிசினின் எதிர்ப்புப் பற்றிய முதல் அறிக்கைகள் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் மேற்குக் கம்போடியாவிலிருந்து வெளிவந்தன. மீண்டும் அதே பைலின்! 2014 இல் கம்போடியாவின் பஸ்தூர் நிறுவனத்தைச் சார்ந்தோரும் பிறரும் இதற்குரிய குறியைப் பதின்மூன்றாம் நிறமூர்த்தத்திலுள்ள கெல்ச் 13 என்னும் பரம்பரையலகில் கண்டறிந்தனர். குளோரோகுவினைப் போல இதுவும் ஆசியாவிலிருந்து ஆபிரிக்கா செல்லும் என்றே பலரும் அஞ்சினர். கண்காணிப்புக்களும் அதற்கேற்பவே அமைந்தன.

நடந்தது வேறு. 2013 இல் எக்குவடோரியல் கினியிலிருந்து சீனா திரும்பிய தொழிலாளி ஒருவருக்கு ஆட்டிமிசினின் சேர்ந்த கூட்டுமருந்து வழங்கப்பட்டும், மூன்றாம் நாளிலும் ஒட்டுண்ணி குருதியிற் காணப்பட்டது. கெல்ச் 13 இல் 579 ஆம் இடத்தில் விகாரம் இருந்தது. ஒட்டுண்ணியின் ஏனைய பகுதிகளை ஆராய்ந்தபோது அது ஆசிய வழி வந்ததன்று, ஆபிரிக்காவிலேயே பிறந்தது எனத் தெரிந்தது. இவ்வாய்வு 2017 இல் வெளியாயிற்று. ஒரு மனிதரின் குருதியைக் கொண்டு ஒரு கண்டத்தைப் பற்றிப் பேசலாமா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ஆனால் 2020 இல் ருவாண்டாவிலும், 2021 இல் உகண்டாவிலும் இவ்வாறே உள்நாட்டில் பிறந்த கெல்ச் 13 விகாரங்கள் நிலைபெற்றுள்ளமை வெளிப்பட்டது. 1978 இல் நிகழ்ந்ததே மீளவும் நிகழும் எனக் காத்திருந்தோர், வேறு திசையிலிருந்து வந்ததை எதிர்கொள்ள நேர்ந்தது.

குறிகளை அளவுக்கு மிஞ்சி நம்புதலும் தகாது. 2015, 2016 ஆம் ஆண்டுகளில் ஆபிரிக்காவிலிருந்து பிரித்தானியா திரும்பிய நால்வருக்கு ஆட்டிமீதர்–லூமெபன்றின் கூட்டுமருந்து தோற்றது. அவர்தம் ஒட்டுண்ணிகளில் கெல்ச் 13 விகாரம் எதுவும் காணப்படவில்லை. மருந்தை உணவுடன் உண்டாரா, உரிய அளவை உண்டாரா, உடல் அதனை எவ்வளவு உறிஞ்சிற்று என்பனவும் சிகிச்சையின் முடிவைத் தீர்மானிப்பன. ஆவணம் ஒன்று மெய்யானதாயினும் அது எல்லாவற்றையும் கூறிவிடாது என்பதை வரலாற்றுத் துறையினர் நன்கு அறிவர்.

இப்பின்னணியில் இலங்கையின் நிலை நோக்கற்பாலது. குளோரோகுவின் எதிர்ப்புடைய பல்சிப்பாரம் மலேரியா இங்கு 1984 இல் முதன்முதலாகப் பதிவாயிற்று. போர் நாட்டைச் சூழ்ந்திருந்த ஆண்டுகளில், 2000 ஆம் ஆண்டிலேயே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மலேரியாவால் பீடிக்கப்பட்டனர். அதன்பின் நிகழ்ந்த சரிவு வியத்தற்குரியது. உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளி 2012 ஒக்ரோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. அன்று முதல் இங்கு காணப்படும் நோய் ஏறக்குறைய முழுவதும் வெளியிலிருந்து வருவதே. 1963 ஆம் ஆண்டின் நிலையை நாடு மீண்டும் அடைந்துள்ளது எனலாம்.

வருவோர் யாவர் என்பதை நோக்கின், பைலினின் நினைவு எழாமற் போகாது. 1980 களிலும் 1990 களிலும் எலஹெரப் பகுதியின் மாணிக்கக்கற் குழிகளில் தேங்கிய நீரில் நுளம்பு பெருகிற்று. 1998 இல் மடகாஸ்கரின் இலக்ககாவில் நீலக்கல் கண்டுபிடிக்கப்பட்டபின் இலங்கை வியாபாரிகள் அங்கு செல்லலாயினர். கல்லுடன் காய்ச்சலையும் சிலர் கொண்டு வந்தனர். ஐக்கிய நாடுகளின் அமைதிப்படையிற் பணியாற்றச் சென்றோர், இந்தியாவுக்கு யாத்திரை சென்றோர், தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து மீண்ட அகதிகள் ஆகியோரும் இவ்வரிசையில் உள்ளனர். இவர்களுள் மிகப் பரிதாபத்துக்குரியோர், மேலைநாடு ஒன்றைச் சேரும் நம்பிக்கையுடன் ஆட்கடத்துவோரிடம் பணத்தைக் கொடுத்து, மேற்காபிரிக்க நாடுகளில் கைவிடப்பட்டு, 2012 ஐ அண்டித் திருப்பி அனுப்பப்பட்டோராவர். அவர்களுட் பலர் பல்சிப்பாரம் மலேரியாவுடன் வந்திறங்கினர். களவாகச் சென்றவர் தாம் சென்ற வழியைச் சொல்லத் தயங்குவார்; சென்ற வழியை அறியாத வைத்தியர் காய்ச்சலை மலேரியா என ஐயுறத் தாமதிப்பார். அத்தாமதம் உயிரையும் கொள்ளக்கூடியது. ஆதலால் இத்தகையோரைக் குற்றவாளிகளாக நடத்தும் நாடு, தனக்கு வேண்டிய செய்தியைத் தானே அடைத்துவிடுகின்றது.

ஒரு பல்சிப்பாரம் நோயாளியை இங்கு கண்டறிந்தால், கூட்டுமருந்து வழங்கியபின் 28 நாள் வரை அவரது குருதி மீண்டும் மீண்டும் சோதிக்கப்படுகின்றது. உள்நாட்டிற் புதிய தொற்று நிகழாத நாட்டில், காய்ச்சல் மீண்டால் அது மருந்தின் தோல்வியே என ஏறத்தாழ ஐயமறக் கூறலாம். நோய் மலிந்த நாட்டில் மீண்டும் நுளம்பு கடித்ததா, பழைய நோய் தீரவில்லையா எனப் பிரித்தறிவது கடினம். இவ்வகையில் நோயற்ற நாடொன்றின் ஒரு சிறு வைத்தியசாலை, நோய் நிலவும் ஒரு பெருநாட்டின் மருந்து நிலையை அறியும் சாளரமாக அமைய முடியும். குருதிப் படலத்துடன் ஒரு துளியை வடிதாளில் உலர்த்தி வைத்தாற் போதும். பரம்பரையலகுச் சோதனையைப் பின்னரும் செய்யலாம்.

2016 இன் இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் நுளம்பு இலங்கையில் முதன்முறையாகக் காணப்பட்டது. இந்திய நகரங்களின் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகி நகர மலேரியாவைப் பரப்புவது இதுவே. 2018 திசெம்பரில் மொனறாகலை மாவட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நோய் தொற்றியமை கண்டறியப்பட்டது. இறுதி உள்நாட்டு நோயாளிக்குப்பின் இம்மண்ணில் நுளம்பு வழியே தொற்றிய முதல் மலேரியா அதுவாகும். விரைந்த நடவடிக்கையால் மேலும் பரவாது தடுக்கப்பட்டது. அது வைவாக்ஸ் வகையைச் சார்ந்தது. அவ்வகையில் குளோரோகுவின் எதிர்ப்பைத் திட்டமாகக் காட்டும் பரம்பரையலகுக் குறி எதுவும் இன்னும் நிலைநாட்டப்படவில்லை. இறக்குமதியாகும் தொற்றுக்களில் வைவாக்ஸின் பங்கு சிறிதன்று. இந்தியாவிலிருந்து வருவோரிடம் அதுவே மிகுதி. கிடைத்த ஏடுகளுள் ஒரு பகுதியின் எழுத்தை இன்னும் எவராலும் வாசிக்க இயலவில்லை.